முதல் நாவலும் விடியற்காலை அரை மணி நேரமும்

குழித்துறை உறுப்பினர்:

நான் குழித்துறைக்கு அருகே வசிக்கிறேன். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. 2019-இல் தொடங்கிய என் முதல் நாவலின் முதற்படியைச் சென்ற ஆண்டுதான் முடித்தேன். முதல் மூன்று ஆண்டுகளில் 62 பக்கங்கள் மட்டுமே எழுதியிருந்தேன். கேட்டவர்களிடமெல்லாம் நேரமில்லை என்றே சொல்லிவந்தேன். அது பாதி உண்மைதான்.

சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் ஜவுளிக் கடையை நடத்திக்கொண்டே எழுதினார், தோப்பில் முகமது மீரான் மிளகாய் வத்தல் வியாபாரத்துக்கு நடுவே எழுதினார் என்று நண்பர்கள் தேற்றுவார்கள். இரண்டும் உண்மை. ஆனால் அந்த வீடுகளில் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தை யார் பார்த்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் எவரும் சொல்வதில்லை.

எழுதுவதற்கென்று ஞாயிற்றுக்கிழமை மதியத்தை ஒதுக்கி வைத்திருந்ததே என் பிழை. முந்தைய வாரம் எங்கே விட்டேன், அந்தக் கிழவி எந்தக் குரலில் பேசினாள், மழை நின்றிருந்ததா இல்லையா என்பதை மீட்டெடுக்கவே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். குரல் திரும்பிவரும் வேளையில் வாசலில் யாராவது கூப்பிடுவார்கள். ஆவணியிலும் தையிலும் கல்யாணங்கள், டிசம்பரில் குடில் கட்டுவதும் கரோல் வருவதும் என ஞாயிறுகள் பறிபோக, மூன்று வாரம் கழித்துத் திறக்கும்போது அது வேறு யாரோ எழுதிய கையெழுத்துப் பிரதிபோல இருக்கும். அம்மா ஒருநாள், "மக்கா, இதுல ஒனக்கு என்ன கிட்டும்?" என்று கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை.

வழி காட்டியது மனைவியின் கோபம். "நீங்க எழுதுறது எனக்கு எரிச்சல் இல்ல, இருந்தா எப்ப எழும்புவியன்னு தெரியல்ல, அதுதான் எரிச்சல்" என்றாள். தொடங்கும் நேரத்தைப் பற்றியே யோசித்துவந்த எனக்கு, முடிக்கும் நேரத்தையும் சொல்லியாக வேண்டும் என்பது அதுவரை தோன்றவில்லை. அன்றிலிருந்து திங்கள் முதல் வெள்ளி வரை காலை 4.45-க்கு ஓர் அலாரம், 5.15-க்கு இன்னொன்று. இரண்டாவது அலாரம் அடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுவேன். இதில் எதிர்பாராத ஒரு லாபம் கிடைத்தது: பாதியில் விட்ட வாக்கியத்தை மறுநாள் முடிக்கத் தொடங்கியதுமே கதைக்குள் போய்விடலாம், பழைய பக்கங்களைப் புரட்ட வேண்டியதில்லை.

நாளைக்கு 250 சொற்கள் வீதம் வாரத்துக்கு 1,250. எனவே 60,000 சொற்களுக்கு 48 வாரங்கள் போதும் என்று கணக்குப் பிரிவுக்காரனின் கர்வத்தோடு எழுதி ஒட்டிவைத்தேன். பிடித்ததோ 19 மாதங்கள். எட்டாம் அத்தியாயத்தை முழுவதுமாகத் தூக்கி எறிய நேர்ந்ததும், மகளுக்குக் காய்ச்சல் வந்த வாரங்களும் அந்தக் கணக்கில் இல்லை.

ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். போகும்போது நின்றுகொண்டே போவதால் எழுத முடியாது. மாலையில் புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் இருக்கை கிடைக்கும். ஆனால் அப்போதும் நான் எழுதுவதில்லை. பகல் முழுதும் மலையாளத்தில் பேசிய நாக்குக்கு விளவங்கோட்டுப் பேச்சு உடனே வராது. பெட்டியிலிருக்கும் நம்மூர்க்காரர்கள் ரப்பர் விலையையும் சம்பந்தி வீட்டுச் சண்டையையும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வந்தால், பாறசாலை தாண்டுவதற்குள் அலுவலக மொழி இறங்கிவிடும். மறுநாளுக்கான ஒரே ஒரு வரியைச் சட்டைப்பை நோட்டில் குறித்துக்கொள்வேன். என் நாவலின் நல்ல உரையாடல்களில் பாதியை அந்தப் பெட்டிக்குத்தான் கடன்பட்டிருக்கிறேன்.

தோவாளை உறுப்பினர்:

மேலே எழுதிய நண்பருக்கு வாழ்த்துகள். ஆனால் காலை 4.45 என்பது எங்கள் வீட்டில் என்னுடையது அல்ல. அது அடுப்புக்கும் மூன்று சாப்பாட்டுப் பாத்திரங்களுக்கும் உரியது. நான் பள்ளி ஆசிரியை. இரவு பத்து மணிக்குமேல் எழுதிப் பார்த்தேன். மறுநாள் படித்தால், தூக்கத்தில் எழுதியது ஒவ்வொரு வரியிலும் தெரிந்தது. விடைத்தாள் திருத்தும் காலத்தில் அந்த நேரமும் இல்லை.

கடைசியில் எனக்குக் கிடைத்த இடம், நாகர்கோவிலில் மகளின் நடன வகுப்புக்கு வெளியே கிடக்கும் மரப் பெஞ்சு. வாரத்துக்கு இரண்டு நாள், முக்கால் மணி நேரம் வீதம். யாரும் எதையும் எடுத்துத் தரச் சொல்லாத, நான் இருப்பதே யாருக்கும் உறுத்தாத இடம் எனக்கு அது ஒன்றுதான். 14 அத்தியாயங்களாகத் திட்டமிட்டதில் 11 முடிந்துவிட்டன. சென்ற வாரம் மகள் நடனம் போதும், நிறுத்திவிடுகிறேன் என்றாள். இன்னும் ஆறு மாதம் போய்ப் பார் என்று சொல்லியிருக்கிறேன். காரணத்தை அவளிடம் சொல்லவில்லை.