அக்டோபர் 2 கிராம சபை: காவிரித் தண்ணீரோடு போர்வெல் தண்ணீரைக் கலப்பதை நிறுத்துவோம்

அன்புள்ள ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் குடிநீர் பற்றி என்ன பேசினார்கள் என்று சிங்கப்பூரிலிருந்தும் மஸ்கட்டிலிருந்தும் பலர் கேட்டிருந்தீர்கள். விடுப்பில் ஊரில் இருந்ததால் நானும் போயிருந்தேன். ஆர்.ஓ. என்ற தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்காக நாம் திரட்டும் நிதி பற்றியும் இதிலேயே எழுதிவிடுகிறேன். இரண்டையும் பிரித்துப் பேச முடியாது.

பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் கூட்டம். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலரின் பொறுப்பில் நிர்வாகம் நடக்கிறது. வரவு செலவு வாசித்தார்கள். தெருவிளக்கு, நூறு நாள் வேலைச் சம்பளம், சுடுகாட்டுப் பாதை எல்லாம் விரைவில் முடிந்தன. தண்ணீர்ப் பேச்சு வந்ததும் பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

மேலத்தெரு அக்கா ஒருவர் இரண்டு பாட்டில்களைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒன்று, காவிரித் தண்ணீர் வரும் ஒகேனக்கல் குழாய் தொட்டிக்கு ஏறும் இடத்தில் பிடித்தது. மற்றது வீட்டுக் குழாயில் பிடித்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்புக்கு நிறமும் இல்லை, சுவையும் இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி கொடுப்பார்கள். அவர்களில் ஒருவர் பெட்டியைத் திறந்து, சின்னக் கண்ணாடிக் குழாய் இரண்டிலும் தண்ணீர் ஊற்றி மருந்தைச் சொட்டினார். முதலாவது இளஞ்சிவப்பாகவே நின்றது. இரண்டாவது கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளுக்குப் போயிற்று. ஃப்ளோரைடு கூடக் கூட மஞ்சளாகும் என்று அவர் நிற அட்டையைத் தூக்கிக் காட்டினார். அதன்பிறகு எந்த அதிகாரியின் சமாதானத்தையும் பெண்கள் கேட்பதாக இல்லை.

காரணம் மேல்நிலைத் தொட்டியில் இருக்கிறது. காவிரித் தண்ணீரும் போர் எனப்படும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் ஒரே தொட்டியில் விழுகின்றன. தொட்டி இயக்குபவரைத் திட்டிப் பயனில்லை. நம் ஊர் குழாயின் கடைக்கோடியில் இருக்கிறது. வரும் தண்ணீரில் தொட்டி பாதிதான் நிரம்புகிறது. குழாயில் காற்று மட்டும் வந்தால் அவர் வீட்டு வாசலில் குடங்களோடு போய் நிற்பவர்களும் நம் வீட்டார்தான். அதனால் போரைப் போட்டு நிரப்புகிறார்.

ஆனால் ஒகேனக்கல் திட்டம் எதற்காக வந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. நம் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கரைகிறது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாதபோதுதான் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிப் பல ஆண்டுகள் குடித்தால் முதலில் பற்கள் கறைபடுகின்றன. இன்னும் கூடினால் மூட்டும் முதுகெலும்பும் இறுகுகின்றன. இறுகிய எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. காய்ச்சினாலும் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர்தான் சுண்டும். அதனால்தான் ஜப்பான் கடனுதவியோடு, ஏறத்தாழ 1,928 கோடி ரூபாயில், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். 2008-இல் அடிக்கல், 2013-இல் தொடக்கம். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளூரோசிஸ் (ஃப்ளோரைடால் பல்லும் எலும்பும் கெடும் நோய்) பாதிப்புத் தணிப்பு என்பதும் சேர்ந்திருக்கிறது. அத்தனை தூரம் மேடேற்றிக் கொண்டுவந்த தண்ணீரை நம் தெருமுனையில் போர்த் தண்ணீரோடு கலப்பது என் நெஞ்சுக்கு ஆறவே இல்லை. கணக்கைப் பாருங்கள்: காவிரியில் 0.5, போரில் 3 மில்லிகிராம் என்று வைத்து, சரிபாதி கலந்தால் 1.75. எல்லை தாண்டிவிட்டது.

ஆர்.ஓ. இயந்திரம் ஃப்ளோரைடை நீக்கும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு கேன் பிடித்துக் குடிப்பார்கள். களி கிண்டுவதும் சோறு வடிப்பதும் குழாய்த் தண்ணீரில்தான். இயந்திரம் கழிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு செறிந்திருக்கும். அது சாக்கடையில் ஓடி மண்ணுக்கே திரும்பும். வடிகட்டும் சவ்வை மாற்ற, ஆள் வைக்க, மின்கட்டணம் கட்ட ஆண்டுதோறும் பணம் வேண்டும். எல்லாவற்றையும்விட, இயந்திரம் வந்த பிறகு தொட்டியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். அதுதான் எனக்குப் பெரிய கவலை.

காவிரித் தண்ணீர் குறைவாக வந்தாலும் சமையலுக்கும் குடிக்கவும் அது போதும். ஊரகக் குடிநீருக்கு நாளொன்றுக்கு ஆளுக்கு 40 லிட்டர் என்று முன்பு கணக்கிட்டபோது, குடிக்க 3, சமைக்க 5 லிட்டர் என்றுதான் வைத்தார்கள். மீதி முழுவதும் குளிக்க, துவைக்க, கழுவ. அதற்குப் போர்த் தண்ணீர் தாராளம். போர்க் குழாயை மேல்நிலைத் தொட்டியிலிருந்து கழற்றி, தெருவோர சின்டெக்ஸ் தொட்டிகளுக்குத் திருப்பினால் போதும். தேவைப்படுவது குழாயும் வால்வும் நான்கைந்து தொட்டிகளும். நாம் திரட்டிய பணத்தை இதற்குக் கொடுப்போம் என்பது என் வேண்டுகோள்.

ஆகஸ்ட் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதவில்லை, ‘பரிசீலிக்கிறோம்’ என்றார்கள். அடுத்த கிராம சபை அக்டோபர் 2. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும். ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் நீங்களும் சபை உறுப்பினர். பெங்களூரு, ஓசூரில் இருக்கும் தம்பி, தங்கைகள் அன்று காலை பஸ் ஏறிவிடுங்கள். கடல் தாண்டி இருப்பவர்கள் அம்மாவுக்கோ அண்ணிக்கோ முந்தின நாளே போன் செய்து, கையெழுத்துப் போட்ட பிறகும் தீர்மானத்தை வாசித்துக் காட்டும்வரை இருக்கச் சொல்லுங்கள்.

தீர்மான வரைவு இது. சட்டம் தெரிந்த பெரியவர்கள் திருத்தி செப்டம்பர் 20-க்குள் அனுப்புங்கள்:

“மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீரை மட்டுமே ஏற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரைத் தனித் தொட்டிகளில், ‘குடிக்கவும் சமைக்கவும் அல்ல’ என்று எழுதி, வழங்க வேண்டும். தொட்டி நீரின் ஃப்ளோரைடு அளவை மாதந்தோறும் சோதித்து ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கடைக்கோடி ஊர்களுக்குரிய அளவு நீரைக் குறையாமல் வழங்க மாவட்ட ஆட்சியரை இச்சபை கேட்டுக்கொள்கிறது.”