விறகு உள்ளே காய்ந்திருக்கிறதா என்பதைத் தொட்டியிலேயே கண்டறிவது எப்படி?

மாடிவீடு, தண்டையார்பேட்டை:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில், மூன்று பக்கமும் திறந்த கொட்டகையின் கீழ், புகைபோக்கி வைத்த இரும்பு விறகு அடுப்பு ஒன்றை அமைத்திருக்கிறோம். காலையில் குளிப்பதற்கான வெந்நீருக்கும், உறவினர் கூடும் நாள்களில் பெரிய பாத்திரச் சமையலுக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம். தச்சுப் பட்டறையிலிருந்து கிடைத்த தேக்குத் துண்டுகளைப் போடும்போது புகையே தெரியாமல் எரிவதால், அடுப்பில் குறை ஏதும் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆனால் அருகிலுள்ள விறகுத் தொட்டியில் (விறகு விற்கும் கடையில்) 'நன்றாகக் காய்ந்தது' என்று சொல்லி எடைக்குக் கொடுத்த சவுக்குக் கட்டைகள் எரியும்போது முனையில் நுரை தள்ளுகின்றன, சீறுகின்றன, புகைபோக்கியின் உட்புறத்தில் பிசுபிசுப்பான கருந்தாரைப் படியவைக்கின்றன. பக்கத்து மாடியில் துணி காயப்போடுபவர்களின் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருக்கிறது. அந்தக் கட்டைகளின் முனைகளில் வெடிப்பு இருக்கிறது, பட்டையும் வெளுத்திருக்கிறது. பார்வைக்குக் காய்ந்த விறகின் அடையாளங்கள் எல்லாம் உள்ளன. அப்படியானால் தொட்டியில் நின்றபடியே எதை வைத்து முடிவு செய்வது? சவுக்கை விட வேலிக்காத்தான் மேலானதா? ஐப்பசி மழைக்கு முன்பே மொத்தமாக வாங்கி வைப்பது சரியா?

பழைய தொட்டிக்காரர், வியாசர்பாடி:

வணக்கம் அம்மா. எங்கள் குடும்பம் நெடுங்காலம் விறகுத் தொட்டி நடத்தியது என்பதால், வியாபாரியின் பக்கத்திலிருந்தும் சேர்த்தே சொல்கிறேன்.

முனை வெடிப்பை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மரத்திலுள்ள நீர் குறுக்காக வெளியேறுவதை விட நார் ஓடும் திசையில் பல மடங்கு வேகமாக வெளியேறும் என்பதால், வெட்டுவாய்தான் முதலில் காயும், முதலில் சுருங்கும், முதலில் வெடிக்கும். உருட்டுக் கட்டையாக இருந்தால் பட்டை சுற்றிலும் மூடி நிற்பதால் நடுப்பகுதி பச்சையாகவே இருக்க, இரு முனைகளும் வெயிலில் வெளுத்து வெடித்து, பல மாதம் காய்ந்த விறகைப் போலத் தோற்றம் தரும். உங்களுக்கு வந்தது அத்தகைய விறகுதான் என்பது என் ஊகம்.

ஆகவே தொட்டியில் செய்ய வேண்டியது ஒன்றே: அடுக்கின் மேலிருந்து எடுக்காமல் நடுவிலிருந்து ஒரு கட்டையை நீங்களே உருவி, அதைக் கோடரியால் பிளக்கச் சொல்லுங்கள். பிளந்த முகத்தில் உடனே புறங்கையை வைத்துப் பாருங்கள். காயாத மரம் சில்லென்று இருக்கும். பச்சை வாடையும் வரும். காய்ந்த மரத்தின் பிளவு சூடும் குளிர்ச்சியும் இன்றி இருக்கும். சிராய்கள் வளையாமல் பட்டென முறியும். பட்டையை நகத்தால் நெம்பினால் அது தகடாகப் பெயர வேண்டும். அதன் அடியில் பச்சையோ பிசுபிசுப்போ தெரியக் கூடாது. இரண்டு கட்டைகளைத் தட்டினால் காய்ந்தவை ணங்கென்று ஒலிக்கும், ஈரமானவை தொம்மென்று அடங்கும். ஆனால் ஒலியை அறியக் காதுக்குப் பழக்கம் வேண்டும். பிளந்த முகத்துக்கு அது வேண்டியதில்லை. ஒரு கட்டையைக் கூடப் பிளந்து காட்ட மறுக்கும் இடத்தில் நான் விறகு வாங்க மாட்டேன்.

கனத்தை வைத்து முடிவு செய்வதிலும் எச்சரிக்கை தேவை. காய்ந்த சவுக்கும் காயாத முருங்கையும் கையில் ஒரே கனமாகத் தெரியலாம். ஒரே மரத்தின் ஒரே அளவுள்ள துண்டுகளை ஒப்பிட்டால்தான் கனத்துக்குப் பொருள் உண்டு.

வியாபாரியின் நிலையும் புரிந்துகொள்ளத் தக்கது. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து லாரியில் வந்திறங்கும் சவுக்கு, தொட்டியில் கிடக்கக் கிடக்க எடை குறைந்துகொண்டே போகும். எடைக்கு விற்கிறவருக்கு அது நேரடி இழப்பு. ஆகையால் பழைய விறகுக்குக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள், ஆனால் பிளந்து பார்த்த பிறகு கொடுங்கள்.

சவுக்கா, வேலிக்காத்தானா என்பது எனக்கு இரண்டாம் கேள்வி. இரண்டுமே கெட்டியான மரங்கள், இரண்டுமே நல்ல தணல் தருபவை. சவுக்கு நேராக வளர்வதால் பிளப்பதும் அடுக்குவதும் எளிது. வேலிக்காத்தான் கோணலாகவும் முள்ளாகவும் இருப்பதால் சிறிய அடுப்பு வாய்க்குள் அடங்காது. சென்னை மாகாணக் கடற்கரையில் 19ஆம் நூற்றாண்டில் சவுக்குத் தோப்புகள் வளர்க்கப்பட்டதற்கு ரயில் எஞ்சின்களின் விறகுத் தேவையும் ஒரு காரணம். 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட இராயபுரம் நம் பக்கத்தில்தானே இருக்கிறது! ஆனால் பச்சையாக எரித்தால் எந்த மரமும் புகையத்தான் செய்யும்.

அளவுகோல், பெரம்பூர்:

மேலே சொன்னவற்றோடு கணக்கையும் சேர்க்கலாம் என நினைக்கிறேன். அடுப்புக்கு ஏற்ற விறகில் மொத்த எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீர் இருக்கக் கூடாது என்பது பொதுவான அளவு. அப்போதுதான் வெட்டிய மரத்தில் பாதி எடை கூட நீராக இருக்கலாம். நீங்கள் 10 கிலோ வாங்கி, அதில் 40 விழுக்காடு நீர் என்றால், 4 கிலோ தண்ணீருக்கும் சேர்த்து விலை கொடுத்து 6 கிலோ மரத்தைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருகிறீர்கள். 20 விழுக்காடு என்றால் மரம் 8 கிலோ.

இழப்பு அத்துடன் முடிவதில்லை. ஒரு கிலோ நீரை நம் ஊர் வெப்பநிலையிலிருந்து ஆவியாக்க ஏறத்தாழ 610 கிலோ கலோரி தேவை. ஒரு கிலோ முழுக்கக் காய்ந்த மரம் தருவது சுமார் 4,400 கிலோ கலோரி. 4 கிலோ நீரை விரட்டுவதற்கு, அந்த 6 கிலோ மரத்தின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் செலவாகிறது. இது பெரிய தொகையாகத் தோன்றாமல் போகலாம். ஆனால் அந்த ஆவி தீயின் வெப்பநிலையைக் குறைத்துவிடுவதால், மரத்திலிருந்து கிளம்பும் எரிவளிகள் தீப்பற்றாமலேயே புகையாக வெளியேறுகின்றன. அந்தப் புகை புகைபோக்கியின் குளிர்ந்த சுவரில் படிந்து தாராகிறது. அந்தத் தார் எரிந்திருக்க வேண்டிய எரிபொருள்தான். கெட்டியாகப் படிந்தால் அது குழாய்க்குள்ளேயே தீப்பற்றவும் கூடும் என்பதால், அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

இரண்டு ஊசிகளைக் குத்திப் பார்க்கும் ஈரப்பதமானியைக் கடைகளில் வாங்கலாம். கட்டையின் முனையில் குத்தினால் கருவி பொய் சொல்லும். பிளந்த முகத்தின் நடுவில் நார் வாக்கில் குத்த வேண்டும். பெரும்பாலான கருவிகள் நீரை மொத்த எடையோடு ஒப்பிடாமல் உலர்ந்த மரத்தின் எடையோடு ஒப்பிடுவதால், நான் சொன்ன 20 என்பது அதில் 25 என்று காட்டும். 30க்கு மேல் காட்டும் எண்களைத் துல்லியமாகக் கொள்ள வேண்டாம். 'ஈரம்' என்று மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

கருவி இல்லாமலும் வழி உண்டு. சில கட்டைகளுக்குச் சாக்பீஸால் எண்ணிட்டு, சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதி வாருங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால், விறகு நம் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். சென்னையின் கடற்கரை ஈரத்திலும் அது அடுப்புக்குத் தேவையான 20 விழுக்காட்டுக்குக் கீழேதான் அமையும்.

துறைமுகப் பணியாளர், காசிமேடு:

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நம் பகுதியில் மலிவாகவும் எலும்பாகக் காய்ந்தும் கிடைப்பவை உடைந்த படகுப் பலகைகளும் சரக்குப் பெட்டக யார்டுகளிலிருந்து வரும், சரக்கை அடுக்கும் மரத் தட்டுகளான பேலட்டுகளின் சட்டங்களும்தான். படகுப் பலகையைக் கனவிலும் எரிக்காதீர்கள். அதில் ஊறிய கடலுப்பு அடுப்பின் இரும்பை அரிப்பதோடு, எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாகவும் வழி செய்கிறது. அடிப்பகுதிப் பூச்சில் செம்பு முதலிய உலோகங்களும் இருக்கும். பேலட்டில் கோதுமைக் கதிர்ச் சின்னத்துடன் கூடிய முத்திரையைத் தேடுங்கள். 'ஹெச்.டி' (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது; 'எம்.பி' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது, அதை ஒதுக்குங்கள். முத்திரை தெளிவாக இருந்தாலும் எண்ணெயோ ரசாயனமோ சிந்திய கறை தெரிந்தால் வேண்டாம். பிளைவுட்டும் அப்படியே. தோட்டத்தில் வெட்டிய அரளியை விறகுக் குவியலில் சேர்த்துவிடாதீர்கள். அதன் புகையும் நஞ்சு.

மாடிவீடு, தண்டையார்பேட்டை:

மூவருக்கும் மிக்க நன்றி. மீதமிருந்த உருட்டுக் கட்டை ஒன்றைப் பிளக்கச் செய்தேன். தொட்டிக்கார ஐயா சொன்னபடியே நடுவில் சில்லென்று இருந்தது. இனி வாங்குவதை மாடியிலேயே அடுக்கலாமா? சாரலில் நனைந்தால் காய்ந்த விறகும் பாழாகிவிடுமா?

பழைய தொட்டிக்காரர், வியாசர்பாடி:

நனைந்த விறகு வேறு, பச்சை விறகு வேறு அம்மா. உள்ளே காய்ந்த கட்டையின் மேல் சாரல் பட்டால் நல்ல வெயிலில் ஓரிரு நாளில் பழைய நிலைக்கு வந்துவிடும். பச்சைக் கட்டைக்கு மாதங்கள் வேண்டும். நாள் கணக்கில் தொடர்ந்து நனைய விட்டால்தான் பூஞ்சணம் பிடித்து உளுக்கும்.

இருப்பதை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, அடுப்பின் நீளத்துக்கு அறுத்துவிடுங்கள். கத்திரி வெயிலிலும், அதையடுத்து மேற்கிலிருந்து வறண்ட காற்று வீசும் ஆனி மாதத்திலும் அப்படி அடுக்கினால், இரண்டு மூன்று மாதத்தில் அடுப்புக்குத் தயாராகிவிடும். புரட்டாசி முடிவில் வாங்கும் பச்சை விறகு தை வரை காயாது. ஆகவே இந்த ஆண்டு மழைக்காலத்துக்குப் பிளந்து சோதித்த பழைய விறகை மட்டும் வாங்குங்கள்.

அடுக்கும்போது அடியில் செங்கல் வைத்து, மேலே மட்டும் தகரமோ தார்ப்பாயோ போட்டு, பக்கங்களைத் திறந்தே விடுங்கள். சுற்றிலும் தார்ப்பாயால் போர்த்தினால் உள்ளிருந்து கிளம்பும் ஈரம் உள்ளேயே திரும்பும். இன்னொன்று: உங்கள் வீடு தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல் பாவிய பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியாக இருந்தால், ஒரு டன் விறகை நடுத்தளத்தில் குவிக்கக் கூடாது. சுமை சுவரின் மேல் இறங்கும்படி ஓரமாக, சிறிது சிறிதாக அடுக்குங்கள். மீதியைக் கீழே படிக்கட்டின் அடியில், காற்று போகும் இடத்தில் வைத்துக்கொள்ளலாம், கரையான் ஏறுகிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள்.