உருளைக்கிழங்கு சவ்வூடு பரவல் சோதனை: வெட்டுப்புள்ளி ஏன் நகர்கிறது?

பிளஸ் ஒன் செய்முறை நடத்தும் ஆசிரியர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

5 செ.மீ. நீளம், 1 செ.மீ. விட்டமுள்ள துண்டுகள், தோல் துளியும் இல்லை. சுக்ரோஸ் கரைசல் 0 முதல் 1.0 மோலார் வரை, 0.2 இடைவெளியில். 1 மோலாருக்கு 34.2 கிராம் கரைத்து, பிறகு 100 மி.லி. கோடு வரை நீர் சேர்க்கிறோம். (100 மி.லி. நீரை முதலிலேயே ஊற்றிச் சர்க்கரையைக் கொட்டினால் கன அளவு கூடி, செறிவு 1 மோலாருக்குக் கீழே போய்விடும்.) ஒரு மணி நேரம் ஊறியதும் வடிதாளில் ஒற்றி எடை.

செல்சவ்வு வழியே நீர் அடர்ந்த கரைசல் பக்கம் நகர்வதால் வெறும் நீரில் எடை கூடுகிறது, 0.6க்கு மேல் குறைந்து துண்டு துவள்கிறது. அதில் குழப்பமில்லை. ஆனால் எடை மாறாத புள்ளி (வரைபடத்தில் கோடு செறிவு அச்சை வெட்டும் இடம்) ஒரு நாள் 0.25, இன்னொரு நாள் 0.4!

சந்தேகம் இரண்டு. குளிர்பதனக் கிடங்கில் இருந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும்; செல்சாறு அடர்ந்தால் புள்ளி வலப்பக்கம் நகரத்தான் செய்யும். அடுத்தது ஒற்றும் முறை: துண்டு சுமார் 4 கிராம்தான், 0.1 கிராம் ஈரம் ஒட்டியிருந்தாலே 2.5 சதவீதப் பிழை. அழுத்தி ஒற்றினால் உள்நீரும் வந்துவிடுகிறது.

எல்லாத் துண்டுகளையும் ஒரே கிழங்கிலிருந்து எடுப்பவர்கள் உண்டா? ஒரு மணி நேரம் போதுமா, மெல்லிய வில்லைகள் மேலா? மாணவர் எல்லோரும் ஒரே மாதிரி ஒற்ற என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் அளவுகளோடு எழுதுங்கள்.