ஏரியல் காயிலுக்கு ஒரு சொல் போதாது

வணக்கம். பழைய வானொலிகளைப் பழுதுபார்க்கும் நம் குழுவில் உதிரிபாகங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடி வருகிறோம். வானொலிக்குள் ஏரியல் கம்பி வந்து சேரும் 'ஏரியல் காயில்' என்ற சுருளுக்கு 'அலைவாங்கிச் சுருள்' என்று வைத்துக்கொள்ளலாம் எனக் குழுவின் அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் பழுதுபார்க்கும் மேசையில் அது கைகொடுக்காது என்பது என் உறுதியான எண்ணம். அந்தப் பெயருக்குள் இருப்பவை ஒரே குழலில் சுற்றிய இரண்டு சுருள்கள். ஒன்று ஏரியலுக்கும் நிலத்துக்கும் நடுவே நிற்கிறது. மற்றொன்று டியூனிங் கண்டென்சரோடு (நிலையம் தேடத் திருகும் மின்தேக்கி) சேர்ந்து நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறது. அலை காந்தப்புலத்தின் வழியாகவே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. கெட்டுப்போவது பெரும்பாலும் முதல் சுருள்தான்.

இப்போது என்னிடம் இருக்கும் 1950களின் வால்வு வானொலியையே (டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களில் இயங்குவது) எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிபெருக்கியில் இரைச்சல் உண்டு, நிலையம் இல்லை. ஏரியல் கம்பியைச் செருகினாலும் கழற்றினாலும் ஒரே மாதிரிதான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மல்டிமீட்டரை வைத்தேன். டியூனிங் பக்கம் சில ஓம் காட்டியது. ஏரியல் பக்கம் முள் அசையவே இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால், முடியளவு மெல்லிய அந்தக் கம்பி ஈயப்பற்றைத் தொடும் இடத்தில் பச்சைக் களிம்பு. நம் ஊர் ஈரப்பதத்தில் செம்பு இப்படித்தான் மெல்ல மெல்ல அரிபடுகிறது. அதற்குத் தப்பினால் மின்னல் இருக்கிறது. ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாள்கள் இடி முழங்கும் சிங்கப்பூரில், சன்னலுக்கு வெளியே நீட்டிய ஏரியலில் ஏறும் மின்னெழுச்சி முதலில் எரிப்பதும் இதே சுருளைத்தான்.

சிங்கப்பூரின் தமிழ் வானொலியான ஒலி 96.8 பண்பலையில் வருகிறது. இந்தப் பெட்டியில் பண்பலை கிடையாது. இரவில் தொலைவிலிருந்து வரும் நடுவலை (மீடியம் வேவ்) நிலையங்களை நம்பித்தான் இதற்கு உயிர் கொடுக்கிறோம். பக்கத்து நிலையமாக இருந்தால் அறுந்த சுருளையும் மீறி ஓரளவு கேட்டுவிடும். தொலைவு நிலையம் கேட்காது. ஆகவே எந்தச் சுருள் என்று சொல்லால் சுட்டியே ஆக வேண்டும்.

குழுவின் ஜொகூர் நண்பர் இந்த இரண்டுக்கும் சொன்ன 'முதன்மைச் சுருள்', 'துணைச் சுருள்' மின்மாற்றிக்குப் பொருந்தும். இங்கே எது ஏரியலோடு இணைவது என்பதை அவை காட்டுவதில்லை. என் பரிந்துரை: ஏரியல் பக்கம் 'வாங்குசுருள்', டியூனிங் பக்கம் 'இசைவுச்சுருள்', இரண்டும் சேர்ந்து 'சுருளிணை'. 'வாங்குசுருள்' வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது. 'இசைசுருள்' என்று சுருக்கவும் ஆசைதான். புதியவர்கள் அதைப் பாட்டோடு முடிச்சுப் போட்டுவிடுவார்கள்.

இனி எழுதிப் பாருங்கள்: 'வாங்குசுருள் அறுந்துள்ளது, இசைவுச்சுருள் நலம். இசைவுச்சுருளின் நிலமுனைப் பக்கம் உறையிட்ட கம்பியைப் பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றி, தற்காலிக வாங்குசுருளாக இணைத்துச் சோதிக்கவும்.' படித்தவுடன் கை எங்கே போக வேண்டும் என்று தெரிகிறதல்லவா? என் பெட்டியில் அப்படிச் சுற்றியதும் நிலையங்கள் வந்துவிட்டன. பிறகு களிம்பேறிய நுனியை வெட்டி, ஒரு சுற்றைப் பிரித்து, எனாமலைச் சுரண்டிப் புதிதாகப் பற்றவைத்தேன். பழைய சுருளே மறுபடி வேலை செய்கிறது.

இன்னொன்று பாக்கி. இசைவுச்சுருளில் வரும் லிட்ஸ் கம்பிக்குப் 'பல்லிழைக் கம்பி' என்று முன்பு முடிவு செய்திருந்தோம். சாதாரண மின்கம்பியிலும் பல இழைகள் உண்டு. லிட்ஸில் ஒவ்வோர் இழைக்கும் தனித்தனி எனாமல் உறை. அந்த உறையை எல்லா இழைகளிலும் நீக்காமல் பற்றவைத்தால் சுருளின் தேர்திறன், அதாவது அருகருகே உள்ள நிலையங்களைப் பிரித்தெடுக்கும் திறன், குறைந்துவிடும். 'உறையிழைக் கம்பி' சரிவருமா?