பதினான்கு நாட்டுக்கோழிகளுக்கு ஆண்டு முழுவதும் பசுந்தழை: கோடையைக் கடப்பது எப்படி?

கேள்வி: காட்பாடியிலிருந்து

வணக்கம். காட்பாடியை ஒட்டிய எங்கள் ஊரில், வீட்டின் பின்புறம் ஒன்றரை சென்ட் இடத்தில் பதினான்கு நாட்டுக்கோழிகளை வளர்த்து வருகிறேன். ஐப்பசி முதல் தை வரை தழைக்குக் குறைவில்லை; வேலியோரம் தானாக முளைக்கும் புல்லும் பூண்டுமே போதுமானதாக இருக்கிறது. மாசி கழிந்ததும் நிலம் வெளுத்துவிடுகிறது. சித்திரையில் கோழிகள் வெறும் மண்ணைக் கிளறிக்கொண்டு நிற்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கிறது. மஞ்சள் கருவும் வெளிறிப் போய்விட்டதால், வழக்கமாக முட்டை வாங்கும் எதிர்வீட்டு அம்மாள் "இது நாட்டுக்கோழி முட்டைதானா?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.

இரண்டு முயற்சிகள் செய்து தோற்றேன். சிறுகீரைப் பாத்தி அமைத்தேன். ஒரு நாள் படலைச் சரியாகச் சாத்தாமல் விட்டதில், பிற்பகலுக்குள் வேரோடு கிளறித் தின்றுவிட்டன. அடுத்து, சில்பாலின் என்ற தடித்த பிளாஸ்டிக் தாள் விரித்து, அசோலா என்ற நீர்த்தழையை வளர்த்தேன். அது பங்குனியில் செம்பழுப்பாக மாறி, பத்தே நாளில் கரைந்து நாற்றமெடுத்தது. கடையில் கீரை வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. பன்னிரண்டு மாதமும் தழை கிடைக்க என்ன செய்யலாம் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: குடியாத்தத்திலிருந்து

தம்பி, நம் பக்கத்துக் கத்திரி வெயிலில் பாத்திக் கீரையை நம்பிக் கோழி வளர்க்க முடியாது. ஆழமாக வேர்விடும் செடியும் மரமும்தான் கோடையில் கைகொடுக்கும். கீரையெல்லாம் மழைக்காலத்துக்கும் பனிக்காலத்துக்கும் உரியவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலியோரம் முழுவதும் இரண்டடிக்கு ஒன்றாக முருங்கை விதையை ஊன்றிவிடுங்கள். காய்க்காக வளர்ப்பது போல உயர விடாமல், இடுப்பளவில் நுனியைக் கிள்ளிக்கொண்டே வந்தால் பக்கக் கிளைகள் வெடித்துத் தழையாகவே நிற்கும். பாத்திரம் கழுவிய தண்ணீரில் சோப்பு கலக்காததை மட்டும் அதற்கு ஊற்றுவேன். சித்திரையிலும் கொழுந்து விட்டுக்கொண்டிருக்கிறது. முருங்கைக்கு உள்ள பெரிய தொல்லை மழைக்காலத்துக் கம்பளிப்புழு. அடிமரத்தில் அது கொத்தாக அப்பிக்கிடக்கும்போது தீப்பந்தம் காட்டி அழித்துவிட வேண்டும். கோழி தின்றுவிடும் என்று காத்திருக்காதீர்கள், அந்த மயிர்ப்புழுவை எந்தக் கோழியும் தொடாது.

முருங்கைக்கு உள்பக்கமாக ஒரு வரிசை வேலிமசால் என்ற தீவனச் செடியை விதையுங்கள். அதன் விதை மேல்தோல் கடினமானது, அப்படியே தூவினால் பாதிகூட முளைக்காது. கொதிக்க வைத்து இறக்கி, சற்றே சூடு தணிந்த நீரில் நான்கைந்து நிமிடம் போட்டெடுத்து, பிறகு பச்சைத் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து விதைக்க வேண்டும். முதல் அறுப்புக்கு மூன்று மாதம் ஆகும். அதன் பின்னர் நாற்பது, நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். ஒருமுறை விதைத்தால் சில ஆண்டுகளுக்குக் கவலையில்லை. தண்டு விறைப்பாக இருப்பதால் கோழி இலையை மட்டும் உருவித் தின்னும். மிஞ்சிய குச்சியை ஆட்டுக்குப் போடுங்கள்.

தழையைத் தரையில் எறியாதீர்கள். கைப்பிடி அளவு கட்டாகக் கட்டி, கோழியின் அலகு உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். தரையில் கிடந்தால் பாதி காலில் மிதிபட்டு எச்சத்தோடு சேர்ந்துவிடும்.

மறுமொழி: இராணிப்பேட்டையிலிருந்து

அசோலாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களைப் போலவே நானும் இரண்டு முறை கரைய விட்டவன். அது நீரில் மிதக்கும் பெரணி வகை. கடும் வெயிலும் சூடேறிய நீரும் அதற்கு ஆகாது. செம்பழுப்பாக மாறியதே வெயில் மிகுந்துவிட்டதற்கான அடையாளம். ஐம்பது விழுக்காட்டு நிழல்வலையோ, கிழக்கு வெயில் மட்டும் படும் மரத்தடியோ வேண்டும். நீர் நான்கு விரற்கடை ஆழத்துக்குக் குறையாமல் நாள்தோறும் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு முதல் முறை வெயில் காரணம். இரண்டாம் முறை தண்ணீர். தோல் பதனிடும் தொழில் நெடுங்காலமாக நடந்துவரும் இந்தப் பாலாற்றுப் படுகையில், பல ஊர்களின் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பேறிக் கிடப்பது நமக்குத் தெரிந்ததுதான். அசோலா உப்பைத் தாங்காது. நானோ வீணாகிறதே என்று, குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினேன். ஏற்கெனவே இருந்த உப்பு முழுவதும் அதில்தான் சேர்ந்திருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது பஞ்சாயத்துக் குழாய் நீரையே விடுகிறேன்.

இரண்டு மீட்டர் நீள அகலமுள்ள குழிக்குச் சலித்த மண் பத்துப் பதினைந்து கிலோவும், கரைத்த சாணம் இரண்டு கிலோவும், சூப்பர் பாஸ்பேட் உரம் 30 கிராமும் போதுமானவை. ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணத்துடன் 20 கிராம் பாஸ்பேட்டைக் கரைத்து விடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றுங்கள். தப்பித்தவறி அழிந்துபோனால் விதைக்கு வேண்டுமென்று, ஒரு பழைய பிளாஸ்டிக் தொட்டியில் கொஞ்சம் தனியே வைத்திருக்கிறேன். அள்ளியதை வாளி நீரில் இரண்டு முறை அலசினால்தான் சாண வாடை போகும். முதல் வாரம் தவிட்டில் பிசைந்து வையுங்கள். பழகிய பிறகு தொட்டியைத் தேடிக் கோழிகளே வரும், மேலே வலை போட்டு வையுங்கள்.

மறுமொழி: அணைக்கட்டுப் பகுதியிலிருந்து

கால்நடைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மேலே சொன்னவற்றில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தழையைத் தீவனத்துக்கு ஈடாக எண்ணிவிடக் கூடாது. அசோலாவின் உலர்ந்த எடையில் நான்கில் ஒரு பங்கு வரை புரதம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் ஈர அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீர். 100 கிராம் அள்ளிப் போட்டால் சேரும் உலர்பொருள் ஆறேழு கிராம், புரதம் ஒன்றரை கிராம் அளவுதான். முட்டையிடும் ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு வேண்டிய புரதத்தில் இது பத்தில் ஒரு பங்குக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. தழையால் கிடைப்பது உயிர்ச்சத்தும், மஞ்சள் கருவின் நிறமும், கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமல் பொழுதைக் கழிப்பதும். தானியத்தையும் தவிட்டையும் குறைத்துவிடாதீர்கள்.

சிலவற்றை விலக்க வேண்டும். அகத்தி ஆட்டுக்கு அமிர்தம், கோழிக்கு ஒவ்வாது. சவுண்டல் என்று நாம் சொல்லும் சூபாபுல் இலையில் மைமோசின் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது. எங்கள் பக்கம் முள்ளுக் கத்தரிக்குப் பெயர் பெற்றது. காய் பறித்து முடிந்த செடியைப் பிடுங்கிக் கோழிக்கு முன் போடுகிறார்கள், அதையும் தவிர்ப்பது நல்லது. பாலக் கீரையை நாள்தோறும் போட்டால் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம் சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்; ஓடு மெலிந்த முட்டைகள் வரும். நீண்ட முற்றிய புல்லை நறுக்காமல் போட்டால் இரைப்பையில் பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று: தழை தின்னும் நாளில் எச்சம் பச்சையாக இருப்பது இயல்பு. அதைக் கண்டு, பச்சையும் வெள்ளையுமாகக் கழியும் வெள்ளைக்கழிச்சல் நோய் என்று பதற வேண்டாம். கோழி இரையெடுக்காமல் ஒடுங்கி நின்றாலோ, கழுத்து முறுக்கிக்கொண்டாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. முருங்கையும் வேலிமசாலும் வளரும்வரை, இந்த ஆடிப் பட்டத்திலேயே கீரை விதைத்துக்கொள்ள விரும்புகிறேன். கோழிகள் கிளறாமல் காப்பது எப்படி? விதைகளை எங்கே கேட்கலாம்?

மறுமொழி: குடியாத்தத்திலிருந்து

பாத்தியை மூன்றாகப் பிரித்து, பத்து நாள் இடைவெளியில் ஒவ்வொன்றாக விதையுங்கள். ஒன்று தின்று தீரும்போது அடுத்தது தயாராக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் நான்கு விரல் உயரமுள்ள மரச்சட்டம் வைத்து, அரை அங்குலக் கண்ணியுள்ள கம்பி வலையை அடித்துவிடுங்கள். வலைக்கு மேல் நீட்டும் இலையைத்தான் கோழி கொத்த முடியும். வேரும் அடித்தண்டும் தப்பித்து மீண்டும் தழையும். இதற்கு முளைக்கீரையைவிட, வெட்ட வெட்டத் துளிர்க்கும் அரைக்கீரைதான் பொருத்தம். என் சட்டம் பழைய கட்டிலை உடைத்துச் செய்தது. வலையை இழுத்துக் கட்டாவிட்டால், சேவல் ஏறி நின்றதும் நடுவில் தொய்ந்து கீரையோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் கொடுத்துவிடுங்கள். வேலிமசால் விதையை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.