மாடிப்படிக்கு அடியில் சின்னப் பட்டறை: எட்டாயிரத்துக்குள் என்ன வாங்கலாம், எப்படி வைக்கலாம்?

உப்புக்காற்று:
வீடு நாகப்பட்டினத்தில், கடலுக்குப் பக்கம். மாடிப்படிக்கு அடியில் எட்டுக்கு ஐந்து அடி இடம் இருக்கிறது. கப்போர்டு கதவு சரிசெய்வது, குழாய், சைக்கிள், பிளைவுட்டில் சின்ன ஷெல்ஃப், இவ்வளவுதான் வேலை. டிரில் மெஷின் இருக்கிறது, வேறு மெஷின் வேண்டாம். ஆன்லைனில் 108 பீஸ் கிட் ஒன்று மலிவாக வருகிறது. அதை வாங்கிவிட்டு, மீதிப் பணத்தில் நல்ல டூல் பாக்ஸ் எடுக்கலாமா? துருவை நினைத்தால்தான் பயம்.

ஸ்பேனர்சாமி:
கிட்டை விட்டுவிடுங்கள் சார். 108 என்ற கணக்கை ஏற்றுவதே பிட்டும் குட்டி சாக்கெட்டும்தான். உங்களுக்குத் தினம் வேண்டிய திருப்புளி, கட்டிங் பிளேயர் இரண்டும் அதில் மட்டமாக இருக்கும்.

ஹார்டுவேர் கடையில் டபாரியா மாதிரி ஒரு பிராண்டில் தனித்தனியாக எடுங்கள். ஒரு பக்கம் ரிங், ஒரு பக்கம் திறந்த வாய் உள்ள காம்பினேஷன் ஸ்பேனரில் 8, 10, 13, 17 போதும். 6 மி.மீ. போல்ட்டுக்கு 10, 8 மி.மீ. போல்ட்டுக்கு 13, 10 மி.மீ. போல்ட்டுக்கு 17 (சிலவற்றுக்கு 16). சைக்கிள் சக்கர நட்டு பலவற்றில் 15, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுகிப்போன நட்டை முதலில் ரிங்கால் அசைத்துவிட்டுப் பிறகு திறந்த வாயால் சுழற்றினால் மூலை மழுங்காது. இடது பெடல் எதிர்மரை, வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகும்.

குழாய்க்கு 10 இன்ச் ஸ்க்ரூ ஸ்பேனர். பலம் நகராத தாடைமேல் விழும்படி பிடித்து இழுக்க வேண்டும். மாற்றிப் பிடித்தால் நகரும் தாடை நெகிழ்ந்து நட்டை வழுக்கிவிடும்.

திருப்புளியில் பலரும் கவனிக்காத ஒன்று: கப்போர்டு கதவின் ஆட்டோ ஹிஞ்சில் (கீலில்) இருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் ஸ்க்ரூ பெரும்பாலும் பிலிப்ஸ் (சாதாரணக் கூட்டல் குறித் தலை) அல்ல, போசிட்ரிவ். கூட்டல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கோடு இருந்தால் அதுதான். அதற்கு நம்பர் 2 போசிட்ரிவ் தனியாக வாங்குங்கள். பிலிப்ஸ் போட்டுத் திருகினால் தலை தேய்ந்துபோகும், அப்புறம் கதவைக் கழற்றுவதே தலைவலி. கட்டிங் பிளேயரின் பிளாஸ்டிக் உறையை நம்பி கரண்ட் வேலையில் இறங்காதீர்கள். இரட்டை முக்கோணமும் 1000 வோல்ட்டும் பொறித்திருந்தால் மட்டுமே அது மின்காப்பு உள்ள கருவி. அப்போதும் மெயினை அணைத்துவிட்டுத் தொடுங்கள்.

இழைப்புளி:
சாமி மர வேலையைத் தொடவே இல்லை. ஷெல்ஃபுக்கு 12, 25 மி.மீ. உளி இரண்டு போதும். புது உளி கடையிலிருந்தே கூராக வருவது அரிது. கண்ணாடித் துண்டின்மேல் 400, பிறகு 1000 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்து ஒட்டி, உளியின் பின்பக்கத்தில் முதல் ஒரு இன்ச்சைச் சமதளமாகத் தேயுங்கள். அதற்குப் பிறகுதான் முனையை 25 முதல் 30 டிகிரிக்குள் தீட்ட வேண்டும். பின்பக்கம் குழிந்திருந்தால் எவ்வளவு தீட்டினாலும் வெட்டாது.

மூலை மட்டத்தை (90 டிகிரி பார்க்கும் எல் வடிவக் கருவி) கடையிலேயே சோதித்து வாங்குங்கள். நேரான பலகை விளிம்பில் வைத்து ஒரு கோடு, புரட்டி வைத்து அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மேல்முனையில் இரண்டும் 1 மி.மீ. விலகினால் மட்டத்தின் பிழை அதில் பாதி. டேப்பின் கொக்கி லேசாக ஆடுவது பழுதல்ல. உள் அளவும் வெளி அளவும் சரியாக வர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். அதை அடித்து இறுக்கிவிடாதீர்கள்.

ரம்பத்தின் பல் நுனி கருநீலமாக இருந்தால் அதை அரத்தால் கூராக்க முடியாது, தேய்ந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான். வீட்டுக்கு அதுவே லாபம். ஹேக்சாவில் (இரும்பு அறுக்கும் ரம்பம்) இன்ச்சுக்கு 24 பல் உள்ள பிளேடு ஜி.ஐ. பைப்புக்கு, 32 மெல்லிய தகட்டுக்கு. பல் முன்னோக்கி இருக்க வேண்டும்.

துருவிரோதி:
டூல் பாக்ஸ் யோசனையை மறுபரிசீலனை செய்யுங்கள். கடலோரத்தில் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் ஸ்பாஞ்சு, ரெக்சின் பைகளுக்குள் இரும்பு சீக்கிரம் கெடும். தினம் எடுப்பவற்றைப் பலகையில் தொங்கவிடுங்கள். உளி, அரம், மூலை மட்டம் மட்டும் இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு. நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் 110 டிகிரி வாக்கில் சூடாக்கினால் திரும்ப நீலமாகும். சமையல் பாத்திரத்தில் வேண்டாம், அந்த நீலம் கோபால்ட்.

வேலை முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, துணியில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் தடவி எடுங்கள். டபிள்யூ.டி.40 ஈரத்தை வெளியேற்றும், ஆனால் அதில் பெரும்பங்கு ஆவியாகிப்போகும். மழைக்காலம் முழுக்க அதை நம்ப முடியாது.

எல்லாவற்றையும்விட முக்கியம், படிக்கு அடியில் பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இருந்தால் இன்றே வெளியே எடுங்கள். மூடியைத் தாண்டிக் கசியும் ஆசிட் ஆவி ஒன்றே போதும், எண்ணெய் பூசிய ஸ்பேனர்கூடப் பழுப்பேறும்.

உப்புக்காற்று:
ஆசிட் பாட்டில் அங்கேதான் இருக்கிறது, எடுத்துவிடுகிறேன். பலகையைச் செங்கல் சுவரில் நேராக அடித்துவிடலாமா?

இழைப்புளி:
நேராக வேண்டாம், சுவர் ஈரம் பிளைவுட்டுக்கு ஏறும். 25 மி.மீ. ரீப்பர் (மரச்சட்டம்) மூன்று அடித்து, அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட். பின்னால் காற்றோட்டமும் கிடைக்கும், கொக்கி திருக இடமும் இருக்கும். ரீப்பருக்கு 50 மி.மீ. ஸ்க்ரூ போட்டுத்தான் பலர் ஏமாறுகிறார்கள். ரீப்பர் 25, பூச்சு 15 போனால் செங்கல்லுக்குள் 10 மி.மீ.தான் இறங்கும், கனம் ஏறினால் பூச்சோடு பெயர்ந்து வரும். 75 அல்லது 80 மி.மீ. ஸ்க்ரூ எடுங்கள், ஸ்க்ரூ இறங்கும் பிளாஸ்டிக் பிளக் சுவர்ப் பூச்சைத் தாண்டி செங்கல்லுக்குள் முழுக்க இருக்க வேண்டும். பிளைவுட்டை ரீப்பரோடு பிடிக்க 30 மி.மீ. போதும்.

ஸ்பேனர்சாமி:
டிரில் ஹேமர் மோடில் இருக்கட்டும். துளைக்குள் தூசியை ஊதி எடுத்துவிட்டுப் பிளக் போடுங்கள், இல்லையென்றால் பாதியிலேயே நிற்கும். ஊதும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.