லோகோ எல்லாம் ஏன் இப்படி மொட்டையா ஆயிடுச்சு?

கேள்வி: மாமா பேக்கரிக்கு லோகோ பண்றேன், அவருக்கு நிழல், கிரேடியன்ட் (ஒரு கலர் மெல்ல இன்னொண்ணா மாறுறது), கோதுமைக் கதிர் எல்லாம் வேணுமாம், ஆனா இப்ப பெரிய பிராண்டெல்லாம் ஃபிளாட்டா (நிழல், பளபளப்பு இல்லாம தட்டையா) மாறுதே, எது சரி?

பதில் 1: போன் ஸ்க்ரீன்தான் ப்ரோ காரணம். ஆப் ஐகான் சைஸுக்குச் சுருக்கினா நிழலெல்லாம் அழுக்கு மாதிரி தெரியும். மாஸ்டர்கார்டு 2019ல பேரையே தூக்கிட்டாங்க, ரெண்டு வட்டம் மட்டும்தான், ஆனா அது பல வருஷம் பார்த்துப் பழகினதால எடுபடுது, மாமா கடைக்கு பேர் கண்டிப்பா வேணும்.

பதில் 2: ஃபிளாட்னா உயிரில்லாம இருக்கணும்னு யார் சொன்னா? பர்கர் கிங் 2021ல பளபளப்பையும் நீல வளைவையும் எடுத்துட்டு பழைய பன் ஸ்டைலுக்கே போயிட்டாங்க, பார்த்தாலே பசிக்குது 😄

பதில் 3: ஒரே கலர்ல ரப்பர் ஸ்டாம்பு அடிச்சுப் பாருங்க, தெளிவா விழுந்தா ஓகே. கதிர் ஒண்ணு வெச்சுக்கலாம், மாமாவும் சமாதானமாயிடுவார்.